சின்னக் குமிழி

நத்தம் மேம்பாலம் இறங்கும்போது
இடதுகை லீவர்
டீயில் நனைத்த பன்போல
கைப்பிடிவரை அமுங்கிப் போனது.
காலை ஆறரை. இரவுப் பணி முடிந்த கண்.
கீழே பால்கேனோடு ஒருவர்
சாவகாசமாக வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.
முன்பிரேக் இருந்தது. செருப்பும் இருந்தது.
"ஏம்மா, பழகுறதுக்கு வேற எடம் கெடைக்கலையா?"
பதில் சொல்ல வாயில் எச்சில் இல்லை.

வீட்டுக்கு வந்து, நோயாளியிடம் கேட்பதுபோல
சைக்கிளிடம் கேட்டேன்.
எத்தனை நாளாக?
செவ்வாயிலிருந்து.
செவ்வாய் என்ன நடந்தது?
ஐயர் பங்களா நிறுத்தத்தில் பஞ்சர்.
காசிமாயன் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார்,
பின்சக்கரத்தைக் கழற்றினார்,
ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடினார்.
அவருக்குக் குமிழி என்பது விடை.
அதற்குள் அவர் மகன்
சக்கரமில்லாத பிரேக்கை நாலுதரம் அழுத்திப் பார்த்துவிட்டான்.
பேடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டன.
ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பிரித்துக் கொடுத்தார்,
"இந்த மாடலு நமக்குப் புதுசு சிஸ்டர்."

அவர்மேல் குற்றமில்லை.
காற்று முன்பே உள்ளே இருந்திருக்கிறது,
லீவர் பக்கத்துச் சின்னத் தொட்டியின் கூரையில்
ஒண்டிக் கிடந்திருக்கிறது.
தலைகீழானதும் வழி தெரிந்து
குழாய்க்குள் நடந்துவிட்டது.

பதினோரு வருடமாக வார்டில் எனக்கு ஒரே பதில்.
இப்போது ஏழாம் கட்டிலுக்குச் செக்கானூரணி ஒச்சம்மாள்.
இரண்டு மணிக்கு முந்தானையைச் சுருட்டிக்கொண்டு ஓடிவருவாள்:
"ட்யூபுல காத்து போகுது சிஸ்டர்,
எம்மவனுக்கு எதும் ஆயிருமா?"
சின்னக் குமிழிம்மா. ஒண்ணும் செய்யாது.
போய்ப் படுங்க.
பொய் இல்லை அது.
ரத்தம் அதைக் கரைத்துக்கொள்ளும்,
நுரையீரல் மன்னித்துவிடும்.

எண்ணெய் மன்னிக்காது.
அழுத்தினால் எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும்.
விரல் கொடுக்கும் பலத்தையெல்லாம்
கடுகளவு காற்று வாங்கி வைத்துக்கொள்ளும்.
நிற்கச் சொன்ன சேதி
சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

ஞாயிறு, மொட்டைமாடி.
யானைமலை முதுகில் வெயில் ஏறுவதற்குள்
பேடுகளைக் கழற்றிச் சட்னிக் கிண்ணத்தில் மூடி வைத்தேன்.
இதற்கு மினரல் ஆயில்தான்.
பைக் கடைக்காரர் வேறொரு பாட்டிலை நீட்டினார்,
"எல்லாம் ஒண்ணுதாம்மா."
ஒன்றில்லை.
வகை மாறிய ரத்தம் ஏறிய உடம்புபோல
உள்ளேயிருக்கும் ரப்பரெல்லாம் வீங்கிவிடும்.
வேண்டாமென்று வந்துவிட்டேன்.

இருபது மில்லி சிரிஞ்ச்.
நுனியை மேலே தூக்கி, நகத்தால் இரண்டு சுண்டு,
ஒரு சொட்டு வெளியே.
கை தானாகச் செய்தது.
பெயர் என்ன, வயசு என்ன என்று
வாய்கூட ஆரம்பித்துவிட்டது.
காலிப்பரின் காம்பில் குழாயை மாட்டி
கீழிருந்து மெல்ல ஏற்றினேன்.
மேலே லீவரில் கோப்பையாக நட்டுவைத்த
இன்னொரு சிரிஞ்சில்
ஒரு குமிழி.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
ஸ்பானரால் காலிப்பரைத் தட்டினேன்.
குழாயைத் தட்டினேன்.
கீழ்வீட்டுக் குக்கர் மூன்றுமுறை கூவி ஓய்ந்தது.
அப்புறம் மூன்று, சேர்ந்தாற்போல,
கடைசிப் பேருந்திலிருந்து
தூங்கி வழிந்து இறங்குகிறவர்களைப்போல.

இப்போது லீவர் கல்.
ஆனால் கத்துகிறது.
எங்கோ ஒரு துளி எண்ணெய் பட்டிருக்கிறது,
என் விரலாகத்தான் இருக்கும்.
வார்டு ஸ்பிரிட் பஞ்சால் டிஸ்கைத் துடைத்தேன்,
உப்புத்தாளில் பேடைத் தேய்த்தேன்,
கொஞ்சம் குறைந்திருக்கிறது.
ஆஸ்பத்திரி வாசலில் சூசைமாணிக்கம்
நாற்காலியில் கண் திறக்காமலே
கேட்டைத் தள்ளிவிடுகிறார்.

நேற்று இரண்டு மணிக்கு ஒச்சம்மாள் வந்தாள்.
"ட்யூபுல காத்து..."
சின்னக் குமிழிம்மா என்று தொடங்கி
பேனாவை மூடிவைத்து
ஏழாம் கட்டில்வரை போய்
நகத்தால் ஒருதரம் சுண்டிவிட்டு வந்தேன்.